2001 நாவலில சனி, படத்தில வியாழன்: அடுத்த பாகத்தை எதோட சேர்த்து வாசிக்கிறது?

கரைச்சி_வாசகர்:
உயர்தரப் பிள்ளையளுக்கு வாசகர் வட்டத்தில ஆதர் சி. கிளார்க்கின்ர ஒடிசி விண்வெளி நாவல் வரிசையை (2001, 2010, 2061, 3001) எடுக்கப்போறம். 2001 நாவலில டிஸ்கவரி கப்பல் சனிக்குப் போகுது. 2010ஐத் திறந்தால் அதே கப்பல் வியாழனைச் சுத்திக்கொண்டு நிக்குது. பிள்ளையள் குழம்புகினம். எந்த ஒழுங்கில குடுக்கலாம்? சனசமூக நிலையத்தில 8 அடி வெள்ளைத்துணி கட்டிப் படமும் போடுற யோசனை இருக்கு.

முறிகண்டி_வானம்:
2010 நாவல் 2001 படத்தின்ர தொடர்ச்சி, முதல் நாவலின்ர தொடர்ச்சி இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கோ, பாதிக் குழப்பம் தீரும்.

1968இல வந்த நாவலும் படமும் ஒண்டாத்தான் உருவாச்சு. கிளார்க்கும் பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து கதையைக் கட்டினவை. நாவலில கப்பல் வியாழனின்ர ஈர்ப்பில வேகம் எடுத்துச் சனிக்குப் போகுது. வேற்றுக்கிரகத்தார் வைச்ச நடுகல், அதாவது கறுப்புப் பலகை மாதிரியான பொருள், நிக்கிறது சனியின்ர இயாபெற்றஸ் எண்ட துணைக்கோளில. அதின்ர ஒரு பக்கம் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு எண்டது 1671இல கசினி கண்டுபிடிச்ச காலத்திலயே தெரிஞ்ச விசயம். கிளார்க் அதைக் கதைக்குள்ள கொண்டுவந்த விதம் அருமை. படக்குழுவுக்குச் சனியின்ர வளையங்களை நம்பும்படி காட்ட ஏலாமல் போனதால குப்ரிக் வியாழனோட நிப்பாட்டினார்.

1979இல வொயேஜர் விண்கலங்கள் வியாழனின்ர துணைக்கோள்களான அயோவில எரிமலையும் யூரோப்பாவில வெடிப்பு விழுந்த பனித்தரையும் காட்டிச்சுதுகள். 1982இல 2010ஐ எழுதேக்க கிளார்க்குக்கு வியாழன்தான் வசதி. அதால ஒழுங்கு இது: 2001 நாவல், 2001 படம், பிறகு 2010 நாவல். நடுவில படத்தை விட்டால் கப்பல் இடம் மாறினது விளங்காது.

ஒட்டுசுட்டான்_வளவன்:
அண்ணை சொன்ன ஒழுங்கு சரி. நாவலை முதல் குடுக்கிறதுக்கு இன்னொரு காரணம் கப்பலை நடத்துற ஹால் கணினி. பயணத்தின்ர உண்மையான நோக்கத்தை விண்வெளி வீரரிட்ட மறைக்கச் சொல்லி அதுக்குக் கட்டளை. பொய் சொல்லாமல் தகவல் குடுக்கிறதுக்கெண்டே செய்த இயந்திரம் அது. அந்த முரண்தான் அதைக் குழப்பினது எண்டு நாவல் தெளிவாச் சொல்லுது. படம் சொல்லாது. படத்தை மட்டும் பாக்கிற பிள்ளை ஹாலை வெறும் வில்லன் எண்டு நினைச்சிட்டுப் போகும்.

ஹாலுக்குப் படிப்பிச்சவர் நாவலில டொக்டர் சந்திரா. 2010இல அவரின்ர முழுப்பேர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை எண்டு வருது. எங்கட பிள்ளையளுக்கு அந்தப் பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்கோ.

நடுகல்லின்ர அளவு நாவலில 1:4:9, அதாவது 1, 2, 3இன்ர வர்க்கங்கள். தச்சரிட்டச் சொல்லி 1 அங்குலத் தடிப்பு, 4 அகலம், 9 உயரத்தில ஒரு பலகை வெட்டிக் கறுப்படிச்சு மேசையில வையுங்கோ. படத்தில வாறது இதைவிட மெல்லிசு எண்டு பிள்ளையளே பிடிச்சிடுவினம்.

மாங்குளம்_ஒளி:
படம் போடுறதைப் பற்றி. தொடக்கத்தில கிட்டத்தட்ட 3 நிமிஷம் திரை முழுக்க இருட்டு, இசை மட்டும் போகும். புரொஜெக்டர் பழுதெண்டு வயரைக் கழட்டிப்போடுவினம், முன்கூட்டியே சொல்லிவையுங்கோ. முதல் வசனம் வர 25 நிமிஷமளவில ஆகும். விண்வெளியில மூச்சுச் சத்தம் மட்டும் வரும், ஒரு இடத்தில அதுவும் நிக்கும். சத்தத்தைக் கூட்டவேண்டாம், அடுத்த காட்சியில காது கிழியும்.

படத்தின்ர அகல உயர விகிதம் 2.20:1. 8 அடி அகலத் துணியில உயரம் 3 அடி 8 அங்குலமளவில்தான் வரும். 16:9 புரொஜெக்டர் எண்டால் மேலயும் கீழயும் 5 அங்குலமளவில கறுப்புப் பட்டை விழும், அது சரி. துணி நிறையவேணுமெண்டு இழுத்தால் ஆக்கள் எல்லாரும் ஒல்லியாகிடுவினம். சப்டைட்டிலைக் கீழ்ப் பட்டைக்குள்ள இறக்கிவிடுங்கோ.

பல்ப் உள்ள புரொஜெக்டர் எண்டால் யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் விசிறியும் நிண்டிடும், பல்ப் சூட்டிலயே கிடந்து கெட்டுப்போகும். யூபிஎஸ்ஸில மிச்சப் படத்தை ஓட்டப் பாக்காமல் முறையா நிப்பாட்டி, ஆறினாப் பிறகு போடுங்கோ. இரவு ஏழுக்கு முதல் தொடங்கவேண்டாம், வெளிச்சத்தில கறுப்பெல்லாம் சாம்பலாத் தெரியும். 149 நிமிஷப் படம், ஒன்றரை மணித்தியாலமளவில படத்திலயே இடைவேளை வரும். தேத்தண்ணி அப்ப குடுங்கோ.

கரைச்சி_வாசகர்:
நன்றி அண்ணையாக்கள். 1984இல வந்த 2010 படமும் போடலாமோ? 2061, 3001?

முறிகண்டி_வானம்:
போடலாம், ஆனா நாவலை முடிச்சாப் பிறகு. யூரோப்பாவில இறங்கிற சீனக் கப்பல் படத்தில இல்லவே இல்லை. நாவலில என்னைக் கேட்டால் அதுதான் உச்சம். அமெரிக்க சோவியத் போர்ப் பதற்றம் படத்துக்கெண்டு சேர்த்தது. 2061ஐ இப்ப விடுங்கோ. 3001இல டிஸ்கவரியில போன விண்வெளி வீரர் பிராங்க் பூல் திரும்பி வாறார், விருப்பமானவை தனியா வாசிக்கட்டும். நேரம் மிஞ்சினால் 1979இல வந்த கிளார்க்கின்ர 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவல் நல்லது. எங்கட தீவைத் தெற்கால தள்ளி நிலநடுக்கோட்டில வைச்சு, மலை உச்சியில இருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டுற கதை. லிப்ட் ஏன் நிலநடுக்கோட்டில நிக்கவேணும் எண்டதைப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளையளிட்டயே கேட்டுப் பாருங்கோ.