பாதியில் நின்ற தோட்டத்துச் சித்திரக்கதையை அச்செடுத்துக் கட்டுவது எப்படி?

மழைக்கோடு (ஹட்டன்):
வணக்கம். நம்ம தேயிலைத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் வந்த அந்த நெடுஞ்சுருள் (மேலிருந்து கீழாக உருட்டி வாசிக்கும்) சித்திரக்கதை 41ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது. செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி சாய்வாக இறங்குவதையும், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் விடியற்காலை யார் எங்கே நிற்பார்கள் என்பதையும் இவ்வளவு சரியாக வரைந்த வேறொரு கதை எனக்குத் தெரியாது. தெமோதரை அத்தியாயம் ஒன்றே போதும். மேலே ஸ்டேஷன், அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் ரயில். பாதை சுற்றி வந்து தன் கீழாலேயே போவது விரலால் உருட்ட உருட்டத்தான் விளங்கும்.

போன் இல்லாத பிள்ளைகளும் வாசிக்க, எங்கள் வாசிகசாலைக்கு ஒரு கடதாசிப் பிரதி வேண்டும். படங்கள் 800 பிக்சல் அகலம். ஏ5 அளவில் எடுத்தால் எழுத்து மங்குகிறது, க், க எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. என்ன அளவு, என்ன கட்டு? முடியாத கதையை எப்படி முடித்துக் கட்டுவது?

பீலிக்கரை:
முதலில் ஆசிரியருக்கு எழுதுங்க. கதை நின்றாலும் உரிமை நிற்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது அவருடையது. எத்தனை பிரதி, எங்கே இருக்கும், விற்பனைக்கு இல்லை, அட்டையில் அவர் பெயர் எப்படி வரும் என்ற நாலு விசயமும் கடிதத்தில் இருக்கட்டும். “அடுத்த அத்தியாயம் எப்போ?” என்று மட்டும் கேட்காதீங்க. நிறுத்தியவருக்கு அந்தக் கேள்வி பாரம். எந்தக் காட்சி ஏன் பிடித்தது என்று இங்கே எழுதியதையே அவருக்கும் எழுதுங்க.

இதில் இன்னொரு லாபம், வரைந்த மூலக்கோப்பு அவரிடம் பெரிய அளவில் இருக்கலாம். அது கிடைத்தால் மங்கல் பிரச்சினையே இல்லை. அவர் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்துக்கும் எழுதலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாகச் சேர்த்து வருகிறார்கள்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பக்கம் ஏறியிருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீங்க. உருட்டும்போதுதான் படம் இறங்கும் தளங்களில் வெறும் பக்கச் சட்டகம் மட்டும் பதிவாகி, படம் இல்லாமல் போவது வழக்கம். அந்தப் பதிவை வேறொரு உலாவியில் திறந்து கடைசிப் படம் வரை உருட்டிப் பாருங்க. ஆசிரியர் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்க.

நூலும் ஊசியும் (பண்டாரவளை):
ஏ5 தப்பான அளவு, தம்பி. ஓரம் விட்டால் படத்துக்கு 128 மி.மீ. கிடைக்கும், 800 பிக்சலை அதில் விரித்தால் அங்குலத்துக்கு 159 புள்ளிதான். புள்ளி வைத்த எழுத்து அங்கேதான் சாகிறது.

ஏ4 தாளை நீளவாக்கில் மடியுங்க. ஒரு பக்கம் 105 × 297 மி.மீ., ஒல்லியாக, உயரமாக வரும். நெடுஞ்சுருளுக்கு இதைவிடப் பொருந்திய வடிவம் இல்லை. மடிப்புப் பக்கம் 10, வெளிப்பக்கம் 5 மி.மீ. விட்டால் படம் 90 மி.மீ. அகலம், அங்குலத்துக்கு 226 புள்ளி. மேலும் கீழும் 10 விட்டால் ஒரு பக்கத்தில் சுமார் 2,460 பிக்சல் உயரம் அடங்கும்.

இன்னொரு காரணம், கடையில் வாங்கும் ஏ4 தாளின் நார் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். ஏ5 ஆக மடித்தால் இழையைக் குறுக்கே உடைக்கிறோம். மடிப்பில் டோனர் (லேசர் அச்சின் தூள் மை) வெடிக்கும், நுவரெலியா ஈரத்தில் பக்கம் அலையலையாக நெளியும். நீளவாக்கு மடிப்பில் இரண்டும் குறையும்.

பதிவேற்றும்போது தளம் படத்தை வெட்டியிருக்கும். வெப்டூன் கேன்வாஸ் போன்ற சித்திரக்கதைத் தளங்களில் துண்டு 800 × 1280க்குள் இருக்க வேண்டும், அதனால் ஒரே முகம் இரண்டு கோப்பில் பாதி பாதியாகக் கிடக்கும். முதலில் ஒரு அத்தியாயத்தின் துண்டுகளை ஒட்டி, பிறகு கட்டங்களுக்கு நடுவே வெட்டுங்க. ஒட்டியதை பிஎன்ஜியாகச் சேமியுங்க. ஜேபெக் 65,535 பிக்சல் உயரத்துக்கு மேல் ஏற்காது, முழுத் துண்டு 52 சேர்ந்தாலே தாண்டிவிடும். பெயரை 001, 002 என்று வையுங்க. வெறும் 1, 2 என்றால் சில மென்பொருளில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்கும்.

கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை எல்லாம் சுருக்கிவிடாதீங்க. அங்கேதான் இந்தக் கதை மூச்சு விடுகிறது. பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கலாம். மூடுபனி இறங்கும் இடத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்க.

மழைக்கோடு:
நன்றி அண்ணே. அந்தத் தெமோதரைப் படம் 4,900 பிக்சல் உயரம். இரண்டு பக்கமாக வெட்டினால் ஸ்டேஷன் ஒரு பக்கமும் சுரங்கம் மறுபக்கமுமாகப் பிரிந்துபோகுமே?

நூலும் ஊசியும்:
வெட்டக் கூடாது. 90 மி.மீ. அகலத்தில் அது 551 மி.மீ. நீளம் வரும். இரண்டு தாளில் எடுத்து 8 மி.மீ. மேலேறும்படி ஒட்டி, கீழ்ப்பாதியை மேல்நோக்கி மடித்து உள்ளே வையுங்க. விரித்தால் சுரங்கம் கீழே இறங்கும். ஒட்டு ஸ்டேஷன் கூரையில் விழாமல், நடுவிலுள்ள மரங்களில் விழட்டும். மடித்த பகுதி முதுகைத் தொடாமல் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்க.

இளங்கொழுந்து:
நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் தெரியும் கொழுந்துப் பச்சை அச்சு மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, மங்கித்தான் வரும். நிறச் செறிவை ஏற்றினால் பச்சை இன்னும் அழுக்காகும். நடுத்தர ஒளியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரே ஒரு தாள் சோதனை எடுங்க. பனியின் மிக இளம் சாம்பலும் டோனரில் ஏறாமல் வெள்ளையாகிவிடும், அதைச் சற்றே அழுத்தமாக்க வேண்டும். இன்க்ஜெட் வேண்டாம், ஈரக் கை பட்டால் பல மைகள் கரையும். கடதாசி 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்). 80இல் பின்பக்கக் கறுப்பு தெரியும்.

இருபக்க அச்சில் “நீள ஓரம்” என்பதைத் தெரிவு செய்யச் சொல்லுங்க. கடைக்காரர் பழக்கத்தில் குறுகிய ஓரம் வைத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். 8 பக்கத்துக்கு வரிசை: முதல் தாள் 8–1, பின்னால் 2–7, அடுத்த தாள் 6–3, பின்னால் 4–5. மொத்தம் நான்கால் வகுபட வேண்டும்.

நூலும் ஊசியும்:
கட்டுக்கு ஸ்டேப்ளர் வேண்டாம், நம்ம பக்கத்து ஈரத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மெழுகு தடவிய பருத்தி நூல் 75 செ.மீ., ஐந்து துளை. இரண்டு முனையிலும் 25 மி.மீ. விட்டு மீதியைச் சமமாகப் பிரியுங்க. நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சு. பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டி போதும், வெளிச்சுவரை ஒட்டிய தட்டில் வைக்காதீங்க.

கடைசிக் கேள்விக்கு: முடித்துக் கட்ட வேண்டாம். 41ஐயும் ஒரே புத்தகமாக்காமல் அத்தியாயத்துக்கு ஒரு கொப்பியாகத் தையுங்க. பக்க எண் ஒவ்வொன்றிலும் 1இலிருந்து தொடங்கட்டும். அட்டை முதுகில் அத்தியாய எண் மட்டும். “முற்றும்” என்று எங்கேயும் போடாதீங்க, சொந்தமாக முடிவு எழுதிச் சேர்ப்பதும் வேண்டாம். பெட்டியைப் பத்துக் கொப்பி அளவு கூடுதல் அகலமாகச் செய்து, வெற்றிடத்தில் மடித்த அட்டை ஒன்றை நிறுத்துங்க, கொப்பிகள் சாயாது. 42 வந்தால் அட்டையை எடுத்துவிட்டு வைக்கலாம்.