வைஇசட் 85ஆ, கேஎக்ஸ் 100ஆ? ஒண்டு நல்லாப் புகைக்குது, அவசரம்

வெள்ளவத்தைப் பையன்:
ரெண்டு பைக் பாத்து வச்சிருக்கிறம். யமஹா வைஇசட் 85 ஒண்டு, கவாசாகி கேஎக்ஸ் 100 ஒண்டு. ரெண்டும் டூ ஸ்ட்ரோக், பாவிச்சது, விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான். மண்ணில ஓடவும் பிறகு ரேஸுக்கும். எது நல்லம்? ஒண்டு நல்லாப் புகைக்குது, அது பிரச்சினையா? ஞாயிறுக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும், கெதியாச் சொல்லுங்கோ.

மருதானை கராஜ்:
எது புகைக்குது? என்ன வருஷ மொடல்? ஓடப்போறது யாரு, என்ன உயரம், எத்தன கிலோ? ஒண்டும் சொல்லாம எதச் சொல்ற தம்பி.

கிக் ஸ்டார்ட்:
புகை வெள்ளையா, நீலமா? ஸ்டார்ட் பண்ணின உடனே மட்டுமா, எஞ்சின் சூடான பிறகுமா?

ஒக்டேன் 95:
டூ ஸ்ட்ரோக் எண்டால் புகைக்கத்தான் செய்யும். பெற்றோலோட ஒயில் எரியுது எண்டுகூடத் தெரியாதவர் ரேஸ் பைக் தேடுறார். முதல்ல நாலு பழைய இழையை வாசிச்சிட்டு வாங்கோ.

பழைய டீடி:
ரெண்டையும் விடுங்க. ரெண்டுக்கும் லைட் இல்ல, ஹோர்ன் இல்ல, ரோட்டுல இறக்க ஏலாது. ஒவ்வொரு தடவையும் லொறி பிடிக்கணும். யமஹா டீடி 125 எடுத்தா ஒயில் பம்ப் தானாக் கலந்துக்கும், வீட்டிலிருந்தே ஓட்டிட்டுப் போகலாம்.

மருதானை கராஜ்:
டீடி பாரம், சஸ்பென்ஷன் மெத்து. பெரிய ஜம்ப்பில முன் ஃபோர்க் அடி தட்டும். அவர் ரேஸ் எண்டுதானே கேட்டிருக்கார்.

ஒரேஞ்ச் படை:
கேடிஎம் 85 பாருங்க. ஹைட்ரோலிக் கிளச், கேபிள் சரிபண்ற வேலையே இல்ல. நீண்ட ரேஸில கை சோராது.

மருதானை கராஜ்:
அவர் பாத்து வச்சிருக்கிற ரெண்டில அது இல்லையே.

வெள்ளவத்தைப் பையன்:
சொறி. தம்பிக்குத்தான். வயசு 15, அஞ்சடி ஆறங்குலம், 55 கிலோ. கேஎக்ஸ்தான் புகைக்குது.

கிக் ஸ்டார்ட்:
அந்த உயரத்துக்கு முதல்ல சில்லு அளவைப் பாக்கணும். வைஇசட் 85 ரெண்டு விதத்தில வந்திருக்கு: முன்னுக்கு 17, பின்னுக்கு 14 அங்குலம் ஒண்டு, 19, 16 மற்றது. டயர்லயே எழுதியிருக்கும். 70/100-17 எண்டிருந்தா சின்னது, எழும்பி நிக்கேக்க ஆள் குனிஞ்சே நிக்கணும், வளைவில முழங்கால் ஹேண்டில்ல முட்டும். கேஎக்ஸ் 100 வந்ததே 19, 16ல. உண்மையில இந்த உயரத்துக்கு முழு அளவு வைஇசட் 125 (21, 19) தான் ரெண்டு வருஷத்துக்குப் பிறகும் பொருந்தும். ஆனா சீட் 85ஐ விட அரைச் சாணுக்குக் கிட்ட உயரம், பழகாத பிள்ளைக்குக் கஷ்டம்.

மருதானை கராஜ்:
ரேஸ் வகுப்பையும் யோசிங்க. கேஎக்ஸ் 100 எண்டது கேஎக்ஸ் 85 எஞ்சினுக்கு போர் (சிலிண்டர் விட்டம்) பெரிசாக்கினது: 48.5 மி.மீ. 52.5 ஆச்சு, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) அதே 45.8. 99 சீசீ வருது. அதால 85 வகுப்புல நிக்க ஏலாது. 125 வரைக்குமான வகுப்புல போட்டா முழு அளவு பைக்கோட மோதணும். ஏற்பாட்டாளரிட விதிமுறைய முதல்ல கையில எடுங்க.

வைஇசட் 85க்கு 2019லதான் பவர் வால்வ் (ஆர்பிஎம்முக்கு ஏத்த மாதிரி எக்ஸோஸ்ட் வாயைக் கூட்டிக் குறைக்கிறது) வந்தது. அதுக்கு முந்தினது கீழ் ஆர்பிஎம்மில செத்துக் கிடக்கும், மேல போனதும் திடீரெண்டு பாயும். ஓட்டுறவன் கிளச்சாலேயே ஓட்டணும்.

கிக் ஸ்டார்ட்:
கேஎக்ஸ் சூடான பிறகும் புகைச்சா, எரிஞ்ச கியர் ஒயில் வாசம் வந்தா, கிளச் பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுத்தி கசியாம அடைக்கிற வளையம்) போயிருக்கும். கியர்பொக்ஸ் ஒயில் எஞ்சினுக்குள்ள இழுபடுது. நிச்சயப்படுத்த, புது ஒயிலை அளந்து ஊத்தி அரை மணித்தியாலம் ஓடி, வடிச்சுத் திரும்ப அளங்க. குறைஞ்சா சீல்தான். மாத்த கிளச் கவரும் பிரைமரி கியரும் கழட்டணும்.

மற்றப் பக்க சீல், ஃப்ளைவீலுக்குப் பின்னால உள்ளது, போனா புகையே வராது. காத்து இழுக்கும், கலவை மெலியும் (காத்துக்குப் பெற்றோல் காணாது), அக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது, கடைசியில பிஸ்டன் உருகும். அதுதான் கள்ளன். பாக்கிற வழி: இன்டேக்கையும் எக்ஸோஸ்ட் வாயையும் அடைச்சு, பிளக் ஓட்டையால காத்து ஏத்துங்க. வீட்டில இரத்த அழுத்தம் பாக்கிற பழைய கருவி இருந்தா போதும். அதில 260 மி.மீ. வரைக்கும் ஏத்தினா அது 5 பீஎஸ்ஐ அழுத்தம். நிமிஷத்துக்கு 1 பீஎஸ்ஐக்கு, அதாவது 50க்கு, மேல இறங்கினா சவுக்காரத் தண்ணி பூசி எங்க குமிழுது எண்டு பாருங்க.

மருதானை கராஜ்:
இன்னொண்டு. எக்ஸோஸ்ட் பைப்பைக் கழட்டி டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. சிலிண்டர் சுவர்ல நெடுக்குக் கீறல் இருந்து நகத்தில மாட்டினா காசு செலவுதான். உள்ளுக்கு இருக்கிறது நிக்கசில் மாதிரி மெல்லிய கடினப் பூச்சு. "லேத்தில போட்டு போர் பண்ணலாம்" எண்டு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. பூச்சு போயிடும், பிறகு இரும்பு ஸ்லீவ்தான், சூடு முந்தி மாதிரி இறங்காது.

ஒக்டேன் 95:
இவ்வளவும் தேவையில்லை. 40:1ல (பெற்றோல் 40 பங்குக்கு ஒயில் 1) கலந்தால் புகை குறையும். 32:1 போட்டு கலவையை ரிச் (காத்துக்குப் பெற்றோல் கூடினது) ஆக்கி வச்சிருப்பாங்கள்.

கிக் ஸ்டார்ட்:
ஒயில் கூடினா கலவை ரிச் ஆகாதுங்க. கார்புரேட்டரில அதே ஜெட்டால (பெற்றோல் போற சின்ன ஓட்டை) போற திரவத்தில பெற்றோல் பங்கு குறையுது, அதால கொஞ்சம் மெலியுது. 32:1ல பெற்றோல் 97.0 வீதம், 40:1ல 97.6.

ஒக்டேன் 95:
0.6 வீதத்துக்கா இவ்வளவு பாடம்?

கிக் ஸ்டார்ட்:
அதைத்தான் சொல்றன், ஜெட்டை மாத்துற அளவுக்கு அது வராது. ஆனா எஞ்சின் பெயரிங்குக்குப் போற ஒயில் பெற்றோல் லீற்றருக்கு 31 மி.லீ.ல இருந்து 25க்கு இறங்கும். மண்ணுல முழு அக்சிலேட்டர்ல ஓடுற எஞ்சினுக்கு அந்த ஆறு மி.லீ. பெரிசு. கவாசாகி 32, யமஹா 30 எண்டு சும்மா எழுதல்ல.

பழைய டீடி:
டீடில இந்தச் சண்டையே வராது.

மருதானை கராஜ்:
🙂 தியத்தலாவைக்குக் கொண்டு போறதெண்டா மெயின் ஜெட் ஒண்டு, ரெண்டு நம்பர் சின்னது கையில வச்சிருங்க. கொழும்பில கடல் மட்டத்தில சரியா இருக்கிறது அங்க 1,200 மீற்றருக்கு மேல போனா ரிச் ஆகி இருமும். அதுதான் உண்மையான ரிச், ஒயில் இல்ல.

ஒக்டேன் 95:
அது எனக்கும் தெரியும்.

வெள்ளவத்தைப் பையன்:
கேஎக்ஸ் சூடான பிறகும் புகைச்சது. கியர் ஒயில் வடிக்க ஆள் விடேல்ல. வைஇசட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

கிக் ஸ்டார்ட்:
டயர்ல என்ன எழுதியிருந்தது? 17ஆ, 19ஆ?

மருதானை கராஜ்:
வருஷம் 2019க்கு முந்தியா, பிந்தியா? எக்ஸோஸ்ட் கழட்டிப் பாத்தீங்களா?

கிக் ஸ்டார்ட்:
தம்பி?

ஒக்டேன் 95:
அவர் போயிட்டார். 40:1 கதையை நான் இன்னும் முடிக்கேல்லை.