ஆற்றங்கரைச் சுவர் வேலையில் தொல்லியல் ஆள் எதற்கு?

கரைவீட்டுக்காரர்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் தெருவுக்குப் பின்னால் உம்கேனி ஆற்றங்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். நேற்று குழியில் பழைய செங்கல் தெரிந்ததும் தொல்லியல் ஆள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அரை நாள் வேலை போச்சு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். என் வீட்டில் இடுப்பளவு சேறு, அம்மாவைத் தோளில் தூக்கி ஏற்றினேன். செங்கல்லா முக்கியம்?

தோட்டக்காரர் பேத்தி:
உங்கள் பயம் நியாயம் அண்ணா. ஆனால் 1917 அக்டோபரில் இதே ஆறுதான் ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி போட்ட நம் இந்தியர்களை வாரிக்கொண்டு போனது. படவட்டன் அறுவர் என்கிறோமே, அந்த மீனவர்கள் படகில் போய் 170 பேருக்கு மேல் மீட்டார்கள். மற்றவர்களின் வீடு வாசல் இந்த மண்ணுக்குள்தான். வெள்ளத்தில் உம்பிலோ ஆற்றங்கரைக் கோயில் போனபோதும் நம் ஆட்கள் கதவுகளை மீட்டு, பிறகு கட்டிய அம்பலவாணர் ஆலயத்தில் மாட்டினார்கள். அவர்களுக்கும் அப்போது ஆயிரம் வேலை இருந்தது.

கரைவீட்டுக்காரர்:
சரி, நினைவுக்கல் வையுங்கள். சுவரை ஏன் நிறுத்துகிறீர்கள்?

குழியோரம் நிற்பவன்:
வேறொரு கரையில் நான் பார்ப்பதும் இதே வேலைதான். 1999 மரபுவளச் சட்டப்படி, 300 மீட்டருக்கு மேல் நீளும் சுவரோ கால்வாயோ கட்டினால் மரபுவள அமைப்பிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டு தாண்டிய தடயம் தொல்பொருள். அதாவது 1917-இல் புதைந்தது 2017-க்குப் பிறகுதான் தொல்பொருள் ஆனது! இயந்திரத்தில் பல் இல்லாத பக்கெட்டை மாட்டச் சொல்வோம், மண் சீவிச் சீவி வரும். மேலே வெள்ளம் கொட்டிய வெளிறிய ஆற்று மணல், அதன் கீழே கறுத்த தோட்ட மண். அந்தக் கோட்டில்தான் கண் இருக்கும். ஒருமுறை அங்கே பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு, நகத்தளவு. படம் எடுத்து, ஆழம் அளந்து, 20 நிமிடத்தில் விலகினோம். எலும்பு வந்தால் கதை வேறு. இடுகாட்டுக்கு வெளியே 60 ஆண்டு தாண்டிய கல்லறையை அனுமதி இல்லாமல் தொட முடியாது.

கரைவீட்டுக்காரர்:
20 நிமிடம் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. எங்களுக்கு மட்டும் ஏன் அரை நாள்?

குழியோரம் நிற்பவன்:
எத்தனை இயந்திரம் ஓடுகிறது?

கரைவீட்டுக்காரர்:
மூன்று. ஆள் ஒருவர்தான்.

குழியோரம் நிற்பவன்:
அதுதான். அவர் ஒரு குழியைப் பதிவு செய்யும்போது மற்ற இரண்டும் காத்துக்கிடக்கும். ஒப்பந்தக்காரரிடம் இன்னொரு ஆளைக் கேளுங்கள்.

கரைவீட்டுக்காரர்:
வியாழக்கிழமைக் கூட்டத்தில் கேட்கிறேன். ஆனால் அக்டோபர் மழைக்கு முன் சுவர் எழும்பியாக வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.