மறுமொழி: பச்சை ரத்த அரணைக்கு என்ன பெயர்?

> 'பச்சைக்குருதிப் பல்லி' என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா. பச்சை ரத்தம் ஓடும் அரணைக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் சொன்ன பெயர் இது. முதலில் பல்லியை விட்டுவிடுவோம். நியூகினித் தீவின் இந்த உயிரி அரணைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'அரணை' கையில் இருக்கும்போது பல்லியிடம் போவானேன்?

சிக்கல் 'பச்சை'யில்தான். பச்சைப் புண், பச்சை முட்டை, பச்சைத் தண்ணீர் என்று பழகிய காதில் 'பச்சைக்குருதி' காயாத ரத்தம் என்றுதான் விழும். நிறம் அப்புறம்தான் தோன்றும். 'பசுங்குருதி அரணை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இவற்றுக்கு அறிவியலில் வைத்த பிராசினோஹேமா என்ற பேரினப் (genus) பெயருக்கும் கிரேக்கத்தில் பச்சைக் குருதி என்றே பொருள். ஆனால் நம் சொல்லை அந்தப் பேரினத்தோடு கட்டிப்போட வேண்டாம். உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஆஸ்டின் குழுவினரின் 2018 மரபணு ஆய்வின்படி, பச்சை ரத்தம் இந்த அரணைகளிடையே 4 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆக இது பண்புப்பெயர், வகைப்பாட்டுப் பெயர் அல்ல.

சரி, நிறமிக்கு வருவோம். இவற்றின் சிவப்பணுக்களும் சிவப்புத்தான். ஹீமோகுளோபின் சிதைவில் வரும் பிலிவெர்டின், மனிதர் தாங்கும் அளவைப் போலப் பல மடங்கு தேங்கிச் சிவப்பை அமுக்கிவிடுகிறது. எலும்பு, தசை, நாக்கு எல்லாம் பச்சை. நம் உடம்பிலும் பிலிவெர்டின் உண்டு, உடனே பிலிருபினாக மாறிவிடும். முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டால், கன்றிய இடம் சில நாளில் பச்சை பூத்து, பிறகு மஞ்சளாகிறதே, அந்தப் பச்சை பிலிவெர்டின், மஞ்சள் பிலிருபின். இரண்டுக்கும் ஜோடியாகப் பெயர் வேண்டும்.

பிலிவெர்டினுக்கு முன்பு வந்த 'பித்தப்பச்சையம்' என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. பச்சையம் என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு இலைதான் ஞாபகம் வரும். அரணை வெயிலில் உணவு தயாரிக்கிறது என்று எழுதிவைக்கும். என் பரிந்துரை: பசும்பித்தம், செம்பித்தம். பிலிருபின் மஞ்சளாயிற்றே என்பீர்கள். செம்பொன்னும் மஞ்சள்தானே! பிலிருபின் என்ற மூலச்சொல்லில் உள்ள லத்தீன் 'ரூபர்' கூடச் சிவப்புத்தான். ஒரே உறுத்தல், சித்த மருத்துவத்தின் பித்தத்தோடு குழம்பலாம். முதல்முறை எழுதும்போது 'பசும்பித்த நிறமி' என்று விரித்தால் போதும்.

பசு என்றால் மாடு நினைவுக்கு வருமே என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். பசுந்தாள் உரம் போடுபவர் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லையேல் இச்சொற்களைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.