பழைய கச்சேரி சிடிகளில் கடைசி உருப்படிகள் திக்குகின்றன: என்ன செய்யலாம்?

சுருதிப்பெட்டி:
அனைவருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த கர்நாடக சங்கீத சிடிகளை எடுத்து, வர்ணம் தொடங்கி மங்களம் வரை ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன். கைபேசியில் பிடித்த பாட்டை மட்டும் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தவரை பாடகர் எம்.டி. ராமநாதன் எனக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கீழ்ச் சுருதியும், மெதுவாக நகரும் விளம்ப காலமும் நெடுநேரம் உட்கார்ந்தால்தான் வசப்படும் போலிருக்கிறது. ஒரு சொல்லைப் பாடிவிட்டு அடுத்த சொல்லுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மிருதங்கம் என்ன செய்கிறது என்பதை இப்போதுதான் காது கொடுத்துக் கேட்கிறேன்.

சிக்கல் இதுதான். பல தட்டுகள் முதல் ஐந்தாறு உருப்படிகள் வரை நன்றாக ஓடுகின்றன. கடைசியில் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்கள் வரும்போது ‘டக் டக்’ என்று திக்குகின்றன. சிலவற்றைக் கணினியில் எம்பி3 ஆக மாற்றினேன். அதில் ராகம், தானம், பல்லவி என்று தனித்தனியாகப் பிரித்திருக்கும் இடங்களில் தம்புரா ஒரு கணம் அறுந்து மீண்டும் ஒலிக்கிறது. பின்னணியில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலும் இருக்கிறது. அதை மென்பொருளால் நீக்கிவிடலாமா?

பழைய ஆம்ப்ளிஃபயர்:
சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. ஆகவே கடைசி உருப்படிகள் இருப்பது விளிம்பில். நாம் விரல் வைத்துப் பிடிக்கும் இடமும் அதுதான். முதலில் கழுவிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. பதிவு சுருளாக ஓடுவதால், வட்டக் கீறல் அந்தத் தடத்தை ஒட்டியே நீளமாக அழித்துவிடும். தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரை விடுபட்டதைப் பிழைதிருத்த ஏற்பாடு முழுமையாகச் சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் திக்கும். நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

எழுத்து அச்சிட்ட பக்கத்தையும் பாருங்கள். உலோகப் படலம் அந்தப் பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. விளக்கொளியில் பிடிக்கும்போது ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் பதிவு போய்விட்டது என்று பொருள். எதற்கும் வேறொரு கருவியிலும் போட்டுப் பாருங்கள். கருவியின் லென்ஸில் தூசி படிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாம் வரிசை:
தம்புரா அறுவது எம்பி3 செய்யும் வேலை. அந்த வடிவம் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெற்றொலியைச் சேர்த்துவிடும். தனித்தனிச் சினிமாப் பாட்டுகளில் அது தெரியாது. கச்சேரியில் உடனே தெரிந்துவிடும். சிடியிலிருந்து மீண்டும், ஒலியில் எதையும் இழக்காத எஃப்எல்ஏசி வடிவத்தில் எடுங்கள். இருக்கும் எம்பி3 கோப்பை எஃப்எல்ஏசி ஆக மாற்றுவதால் பயனில்லை, இழந்தது திரும்பாது. விண்டோஸ் என்றால் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ நல்ல மென்பொருள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

இரைச்சலில் தயவுசெய்து கை வைக்காதீர்கள் ஐயா. எம்.டி.ஆர். 1984இல் காலமானார். அவருடைய கச்சேரிகள் நாடாவில் பதிவானவை. பிற்பாடுதான் சிடியாக வந்தன. அது நாடாவின் இரைச்சல், தட்டின் குறை அல்ல. நீக்கப் போனால் தம்புராவின் மேல் ஒலிகளும், அவர் நீட்டி நிறுத்தும் கார்வைகள் அடங்கும் நுனியும் சேர்ந்தே போய்விடும். அவரிடம் நாம் தேடிப் போவதே அதைத்தானே!

சுருதிப்பெட்டி:
மிக்க நன்றி. கழுவிய பிறகு கடையில் வாங்கிய தட்டுகள் அநேகமாக எல்லாமே சரியாகிவிட்டன. இரண்டு கருவிகளிலும் இன்னும் திக்குபவை, சித்தப்பா வீட்டில் எழுதிக் கொடுத்தவை. அவற்றின் அடிப்பக்கம் நீலப் பச்சையாக இருக்கிறது. வெளியீடாக எங்கும் கிடைக்காத சபா கச்சேரிகள் அதில்தான் இருக்கின்றன.

பழைய ஆம்ப்ளிஃபயர்:
அப்படியென்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இவற்றை முதலில் கவனியுங்கள். வீட்டில் எழுதும் சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம். வெயிலும் வெப்பமும் பட்டு அது மங்கிக்கொண்டே போகும். கடைத் தட்டு காத்திருக்கும், இது காத்திருக்காது. படிக்கும் வேகத்தைக் குறைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. நண்பர்கள் வீட்டுப் பழைய கணினிகளிலும் போட்டுப் பாருங்கள். எடுத்ததை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

மூன்றாம் வரிசை:
உறையின் மேல் சித்தப்பா எழுதிய குறிப்புகளைப் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள். ராகம், தாளம் ஆகியவற்றைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். வயலின் யார், கடம் யார், எந்த சபா, எந்த ஆண்டு என்பதற்கு அந்த உறைதான் ஒரே சாட்சி. சித்தப்பாவிடம் இப்போதே கேட்க முடிந்தால், விடுபட்டவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.