‘வளர்குலைவா’, ‘வளர்வு சரிவா’?

குழுவினருக்கு வணக்கம்.

செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் (மைக்ரோட்யூபுல்) வளர்வதும் திடீரென்று சுருங்குவதுமாக மாறிமாறி இயங்குவதை ‘டைனமிக் இன்ஸ்டபிலிட்டி’ என்பார்கள். அதற்கு நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் உள்ள ‘இயங்கு நிலையின்மை’யை ஏற்க முடியவில்லை. நிலையின்மை என்றதும் மாணவர் அதைக் கோளாறு என்றே எடுத்துக்கொள்வார். செல்லுக்கோ அதுதான் வேலை செய்யும் முறை.

ஆல்பா, பீட்டா ட்யூபுலின் என்ற இரு புரதங்கள் சேர்ந்த இணையின் நீளம் 8 நானோமீட்டர். இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துச் சரமாகும்; செல்லுக்குள் பெரும்பாலும் 13 சரங்கள் ஒட்டி, 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழலாகும். ஒரு மைக்ரோமீட்டர் நீள 1,625 இணைகள் வேண்டும். வந்து சேரும் இணையின் பீட்டா பகுதியில் குவானோசின் ட்ரைபாஸ்பேட் இருக்கும். சேர்ந்த சற்று நேரத்தில் அது டைபாஸ்பேட் ஆகிவிடும். ட்ரைபாஸ்பேட் இணைகள் நுனியில் மூடியாக இருக்கும்வரை குழல் வளரும். மூடி போனால் சரங்கள் வாழைப்பழத் தோல்போல் வெளிப்புறம் சுருண்டு உரியும். ஒரே கரைசலில் ஒரு குழல் வளர, இன்னொன்று சுருங்குவதை 1984இல் மிச்சிசனும் கிர்ஷ்னரும் காட்டினார்கள்.

புற்றுநோய் மருந்தான டாக்சால் பற்றிய பாடத்தில்தான் பழைய சொல் காலை வாரும். டாக்சால் குழலை நிலைப்படுத்துகிறது. அப்படியானால் நல்லதுதானே, செல் பிரிவது ஏன் தடைபடுகிறது? குரோமோசோமைப் பிடிக்கக் குழல் நீள வேண்டும், கிடைக்காவிட்டால் சுருங்கி வேறு திசையில் நீள வேண்டும். அந்த மாற்றம்தான் நின்றுபோகிறது. செங்காந்தளில் உள்ள கோல்சிசின் என்ற நச்சு, இணையை நிமிர்ந்து குழலில் சேரவிடாமல் தடுத்து, எதிர்வழியில் அதையே நிறுத்துகிறது.

என் முன்மொழிவு ‘வளர்குலைவு’. வளரும் குழல் திடீரென்று சுருங்கத் தொடங்கும் ‘கெட்டாஸ்ட்ரோபி’க்குப் ‘பேரழிவு’ வேண்டாம், ‘சரிவு’ போதும். சுருங்கும் குழல் மறுபடி வளரத் தொடங்கும் ‘ரெஸ்க்யூ’வுக்கு ‘மீள்வளர்வு’.

மறுமொழி:

ஐயா, காரணம் முழுக்கச் சரி. ஆனால் ‘வளர்குலைவு’ வினைத்தொகையாகிவிடுகிறது: வளர்கின்ற குலைவு, அதாவது குலைவுதான் கூடிக்கொண்டே போகிறது என்று பொருள் வரும். ‘வரவு செலவு’ போல உம்மைத்தொகையாக ‘வளர்வு சரிவு’ என்று வைக்கலாம். இடையில் ஒற்றும் மிகாது.

‘சரிவு’க்கு ஓர் எல்லையும் எழுதிவைக்க வேண்டும். 37 டிகிரியில், 1 மில்லிமோலார் ட்ரைபாஸ்பேட்டும் மெக்னீசியமும் இட்டு வளர்த்த குழல்களைப் பனிக்கட்டியில் வைத்தால் ஒட்டுமொத்தமாகக் கரையும். கால்சியம் சேர்ந்தாலும் அப்படியே. தாங்கல் கரைசலில் (பஃபர்) கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளை இடுவது அதனால்தான். இவற்றைக் ‘கலைவு’ என்போம். வெப்பமும் செறிவும் மாறாதிருக்கும்போதே தனியொரு குழல் திடீரென்று சுருங்கத் தொடங்கினால் மட்டும் ‘சரிவு’.