மாட்டுக்கொழுப்பு போனதும் சவர நுரையும் போய்விட்டதா?

பழையரேசர்:
பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு ஒரே சவரச் சோப்புதான். சென்ற மாதம் வாங்கிய கட்டியின் உறையில் 'புதிய தாவரக் கலவை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக இருந்த 'சோடியம் டாலோவேட்' காணவில்லை. அந்த இடத்தில் 'சோடியம் பால்மேட்' உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்கொழுப்பு வெளியே, பாமாயில் உள்ளே.

நுரை வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் வருவதற்குள் அங்கே காய்ந்து, திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது. தாடை வளைவில் பிளேடு இழுக்கிறது. பழைய சோப்பில் இரண்டாவது முறை மழிக்கும்போதும் வழுவழுப்பு மிச்சமிருக்கும். கொழுப்பு செய்கிற வேலையை எண்ணெய் செய்யாது.

இலைப்பக்கம்:
ஐயா, இது பழக்கம் பேசுகிற பேச்சு. காரத்தோடு சேர்ந்து சோப்பான பிறகு கட்டிக்குள் மாடும் இல்லை, பனையும் இல்லை. இருப்பவை கொழுப்பு அமிலங்களின் உப்புகள். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் மாட்டிலிருந்து வந்தாலும் மரத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1823-லேயே விலங்குக் கொழுப்புகளைப் பிரித்துக் காட்டி எழுதிவிட்டார். இருநூறு ஆண்டு கழித்தும் நாம் மாட்டுக்கு மந்திர சக்தி இருப்பதாக நம்புகிறோம். முகம் மழிக்க ஒரு விலங்கின் கொழுப்பு எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பழையரேசர்:
சோப்புக்காக யாரும் மாட்டை அறுப்பதில்லை. இறைச்சிக்கு அறுத்ததில் மிஞ்சும் கொழுப்பை உருக்கி எடுக்கிறார்கள்; சோப்பில் சேராவிட்டால் வேறெங்கோ போகும். பாமாயில் அப்படியா? உலகத்தின் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. அங்கே எத்தனை காடு தோட்டமானது, ஒராங்குட்டான் எங்கே போனது என்பதை நீங்களே சொல்லுங்கள். போகட்டும், உங்கள் சவரப் பிரஷ் எதன் முடி? பேட்ஜரா, பன்றியா?

இலைப்பக்கம்:
செயற்கை இழை. அந்த அம்பு வீண்.
பாமாயில் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தாவரம் என்றால் பாமாயில் மட்டும்தானா? ஷியா வெண்ணெய், கோகோ வெண்ணெய் இரண்டிலும் ஸ்டியரிக் அமிலம் மாட்டுக்கொழுப்பைவிட அதிகம். நிறுவனம் மலிவானதைப் பிடித்துக்கொண்டதற்குத் தாவரம் என்ன செய்யும்?

மூன்றாம்சுற்று:
குறுக்கே வருகிறேன். என் மத நம்பிக்கைப்படி எனக்கு விலங்குக் கொழுப்பு விலக்கு. வெறும் 'ஸ்டியரிக் அமிலம்' என்று அச்சிட்டிருந்தால் அது எதிலிருந்து வந்தது என்று உறையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு வழியிலும் தயாரிக்கிறார்கள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்ட பிறகே வாங்குகிறேன். பச்சை எழுத்தை நான் நம்புவதில்லை.

சோப்புச்சட்டி:
பொழுதுபோக்காகச் சவரச் சோப்பு காய்ச்சுகிறவள் நான். இரண்டு பேரும் பாதி பாதி சரி.

மாட்டுக்கொழுப்பில் பால்மிடிக் அமிலம் ஏறக்குறைய 25 சதவீதம், ஸ்டியரிக் 20 சதவீதம். பாமாயிலில் பால்மிடிக் 44. ஸ்டியரிக்கோ வெறும் 5 அளவில்தான். நுரையை இறுக்கி, காயாமல் பிடித்து வைப்பதில் ஸ்டியரிக்குக்குப் பெரிய பங்கு. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அதே அளவில் ஊற்றினால் நுரை தளரத்தான் செய்யும். தனியாக ஸ்டியரிக் சேர்த்தால் குறை தீரும். என் கலவையில் பாதியே அதுதான். விலங்குப் பொருள் ஒரு துளி கிடையாது. நுரை தயிர்போல் நிற்கும், பிரஷைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

அடுத்தது தேங்காய் எண்ணெய். அதில் பாதி லாரிக் அமிலம். குமிழ் சட்டென்று பொங்கும், பெரிதாக இருக்கும், சீக்கிரம் உடையும். தோலின் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். பழையரேசர் ஐயா சொல்வது அந்த நுரைபோலவே படுகிறது. ஐயா, இரண்டு உறையும் கையில் இருந்தால் முழுப் பட்டியலையும் போடுங்கள். கடைசி வரிகளை விட்டுவிடாதீர்கள்.

பழையரேசர்:
பழையது: சோடியம் டாலோவேட், பொட்டாசியம் ஸ்டியரேட், சோடியம் கோகோவேட், நீர், கிளிசரின், வாசனை, டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ.
புதியது: சோடியம் பால்மேட், சோடியம் கோகோவேட், பொட்டாசியம் ஸ்டியரேட், நீர், கிளிசரின், வாசனை.

சோப்புச்சட்டி:
பாருங்கள், மூன்று மாற்றங்கள். கொழுப்பு மாறியது ஒன்று. கோகோவேட், அதாவது தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, பட்டியலில் ஸ்டியரேட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது, இப்போது ஸ்டியரேட்டைவிட அதுதான் அதிகம்; அது இரண்டு. மூன்றாவதை யாரும் கவனிக்கவில்லை: இ.டி.டி.ஏ. போய்விட்டது. கடின நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் அவை சோப்போடு சேர்ந்து கசடாகும், நுரை செத்துவிடும். உங்கள் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளை வளையம் படிகிறதா?

பழையரேசர்:
படிகிறது. பிரஷ் வேரிலும் பிசுபிசுப்பாக ஏதோ. சோப்பின் தரம் என்று நினைத்தேன்.

சோப்புச்சட்டி:
காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரம் மழித்துப் பாருங்கள். பிரஷை ஊறவைப்பதும் அதிலேயே.

பழையரேசர் (ஒன்பது நாள் கழித்து):
செய்தேன். வளையம் இல்லை. நுரை இடப்பக்கம் வரை தாங்குகிறது, இரண்டாவது முறைக்கும் மிஞ்சுகிறது. கழுவிய பிறகு மட்டும் தோல் பழையபடி இல்லை, கன்னம் இறுக்குகிறது. அதை நீரின் மேல் போட முடியாது.

சோப்புச்சட்டி:
அது தேங்காய் எண்ணெய். ஸ்டியரிக் கூடிய, லனோலின் சேர்த்த சோப்பு ஒன்று தேடுங்கள்.

இலைப்பக்கம்:
லனோலின் ஆட்டு ரோமத்து மெழுகு. மறுபடி விலங்கா?

பழையரேசர்:
ஆடு உயிரோடுதான் இருக்கிறது ஐயா.

இலைப்பக்கம்:
அது வேறு விவாதம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். பழைய கட்டி எத்தனை பதுக்கி வைத்திருக்கிறீர்கள்?

பழையரேசர்:
பதினொன்று. விற்பனைக்கு இல்லை.